ஏரி ஏன் பச்சையாகிறது? மிகையூட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெளிவாக இருந்த ஏரி சில வருடங்களில் பச்சைச் சாயம் கரைத்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் ஒரு நாள் காலையில் மீன்கள் செத்து மிதக்கும். யாரோ விஷத்தைக் கலந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். சில சமயம் அதுவும் நடக்கும். ஆனால் பெரும்பாலான இடங்களில் ஏரியைக் கெடுத்தது அளவுக்கு மீறிய சத்து. இதை மிகையூட்டம் என்கிறோம். இது பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் கீழே.

பச்சை என்றால் உயிர் அதிகம் என்றுதானே பொருள்? அதில் என்ன கெடுதல்?

உயிர் அதிகம்தான், வகைதான் குறைவு. தெளிந்த ஏரியில் வெயில் அடிவரை இறங்கும். தரையில் வேர்விட்ட நீர்த்தாவரங்கள் வளரும். அவற்றின் நடுவே மீன்குஞ்சுகளும் நத்தைகளும் தும்பியின் இளம்பூச்சிகளும் ஒளிந்து வாழும். பாசி பெருகிவிட்டால் மேலே உள்ள கொஞ்ச ஆழத்திலேயே வெளிச்சம் தீர்ந்துவிடுகிறது. அடியில் உள்ள செடிகள் சாகின்றன, அவற்றை நம்பி இருந்த கூட்டமும் போய்விடுகிறது. மிஞ்சுவது பாசியும், கலங்கலையும் குறைந்த ஆக்சிஜனையும் தாங்கக்கூடிய சில மீன்களும்தான். எடைபோட்டுப் பார்த்தால் உயிர்ப்பொருள் முன்பைவிடக் கூடுதலாக இருக்கும். இனங்களை எண்ணினால்தான் இழப்பு தெரியும்.

எந்தச் சத்து? எங்கிருந்து வருகிறது?

முக்கியமாக நைட்ரஜன், பாஸ்பரஸ் இரண்டும்தான். மிதக்கும் பாசியின் உடலில் சராசரியாக 106 கார்பன் அணுக்களுக்கு 16 நைட்ரஜன் அணுக்களும் ஒரே ஒரு பாஸ்பரஸ் அணுவும் இருக்கும். ரெட்ஃபீல்ட் விகிதம் என்று பெயர். பாஸ்பரஸ் தேவை இவ்வளவு சிறியது என்பதால்தான் அது கொஞ்சம் கூடினாலும் விளைவு பெரிதாகிறது. ஒரு கிலோ பாஸ்பரஸ், மற்றவை கிடைக்கும் பட்சத்தில், ஈர எடையில் ஏறக்குறைய 500 கிலோ பாசியை வளர்த்துவிடும்.

வரும் வழிகள் பல. முதலாவது வீட்டுக் கழிவுநீர். அதிலுள்ள நைட்ரஜனில் பெரும்பங்கும் பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதியும் மனிதச் சிறுநீரிலிருந்தே வருகின்றன. அடுத்தது வயல். போட்ட உரம் முழுவதையும் பயிர் எடுத்துக்கொள்வதில்லை. மிச்சத்தில் நைட்ரஜன் நைட்ரேட்டாக நீரில் கரைந்து போகும். பாஸ்பரஸ் மண்துகளை ஒட்டிக்கொண்டு மழைவெள்ளத்தோடு போகும். மண் அரிப்பைத் தடுப்பது நிலத்தைப் போலவே ஏரியையும் காப்பாற்றுகிறது என்பதற்கு இதுதான் காரணம். கால்நடைப் பண்ணைச் சாணம், மீன்பண்ணைத் தீனி, பாஸ்பேட் கலந்த சலவைத்தூள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள்கூட மழையோடு இறங்கி வந்து சேருகின்றன.

பழைய காலத்திலும் ஏரிகளுக்குச் சத்து வந்துகொண்டுதான் இருந்தது. வேகம்தான் வேறு. பாறை கரைந்து பாஸ்பரஸ் வர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். இப்போது அந்தப் பாறையைச் சுரங்கத்தில் வெட்டி, உரமாக்கி, ஒரே பருவத்தில் நிலத்தில் கொட்டுகிறோம். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கும் ஹேபர்–போஷ் முறை 1913-இல் ஜெர்மனியில் ஆலை அளவில் தொடங்கியது. உலகத்தின் பசியைத் தீர்த்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறுக்க முடியாது. ஏரிகளுக்குக் கிடைத்தது அதன் மறுபக்கம்.

பாஸ்பரஸ்தான் முக்கியக் குற்றவாளி என்று எப்படித் தெரியும்?

இதற்கு ஒரு ஏரியையே சோதனைக் குழாயாக்கிப் பார்த்தார்கள். 1960-களில் வட அமெரிக்காவில் பெரிய சர்ச்சை. பாசிக்குக் காரணம் கார்பன்தான், சலவைத்தூளில் உள்ள பாஸ்பேட் அல்ல என்று சலவைத்தூள் தொழில்துறை வாதாடியது. ஆய்வகக் குடுவைகளில் செய்த சோதனைகளும் சில அந்த வாதத்துக்குத் துணைபோயின. அந்த நேரத்தில், 1968-இல், கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் மனிதர் வசிக்காத சிறு ஏரிகளை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கினார்கள்.

அங்கே டேவிட் ஷிண்ட்லர் தலைமையில் இரண்டு சோதனைகள் நடந்தன. 227 என்று எண்ணிட்ட ஏரியில் 1969 முதல் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மட்டும் போட்டார்கள். அந்த ஏரியில் கார்பன் மிகக் குறைவு. அப்படியும் பாசி பெருகியது. தேவையான கார்பனைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொண்டது. குடுவைக்குள் இது தெரியாது, திறந்த ஏரியில்தான் தெரியும்.

அடுத்தது 1973-இல், 226-ஆம் ஏரியில். இடுப்பு ஒடுங்கிய வடிவம் அதற்கு. அந்த ஒடுங்கிய இடத்தில் குறுக்கே பிளாஸ்டிக் திரை கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு கார்பன், நைட்ரஜன். மறு பாதிக்கு அதே இரண்டோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் விழுந்த பாதி பச்சையாகிவிட்டது. மற்றது தெளிவாகவே கிடந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் புகைப்படம் எத்தனையோ கட்டுரைகள் செய்யாததைச் செய்தது. சூழலியலில் ஒரே படம் கொள்கையை நகர்த்திய தருணங்கள் மிகக் குறைவு, இது அதில் ஒன்று.

நைட்ரஜனை மட்டும் குறைத்தால் போதாதா என்றும் பார்த்தார்கள். 227-ஆம் ஏரியில் 1990-க்குப் பிறகு நைட்ரஜன் போடுவதை நிறுத்தினார்கள், பாஸ்பரஸ் தொடர்ந்தது. பாசி குறையவில்லை. சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் திறன் உள்ளவை. பாஸ்பரஸுக்கு அப்படி வான்வழி ஏதும் கிடையாது. எல்லா ஏரிகளுக்கும் இதே விதி பொருந்துமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை இருக்கிறது. கடலோரத்தில் நைட்ரஜனுக்கே கூடுதல் பங்கு. இரண்டையும் குறைப்பதுதான் பாதுகாப்பான வழி, முதலில் பாஸ்பரஸ் என்பது என் கருத்து.

மீன்கள் ஏன் பெரும்பாலும் விடியற்காலையில் சாகின்றன?

பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து நீருக்குள் ஆக்சிஜனை விடும். நண்பகலில் அளந்தால் ஏரி மிக ஆரோக்கியமானது என்றே கருவி காட்டும். இருட்டியதும் உற்பத்தி நின்றுவிடுகிறது. ஆனால் பாசியும் மீனும் பாக்டீரியாவும் இரவெல்லாம் சுவாசிக்கின்றன. இருப்பு குறைந்துகொண்டே வந்து, சூரியன் எழுவதற்குச் சற்று முன் அடிமட்டத்தைத் தொடும். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுவது அப்போதுதான். ஆகவே பகல் 12 மணிக்கு எடுத்த மாதிரியை வைத்து 'நீர் நன்றாக இருக்கிறது' என்று எழுதிய அறிக்கையை நம்பாதீர்கள்.

நீரில் ஆக்சிஜன் கரையும் அளவே மிகக் குறைவு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களால் தாங்க முடியாது.

இரவுச் சுவாசத்தைவிட மோசமானது பாசியின் சாவு. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் பாசி கூட்டமாகச் செத்து அடியில் படியும். அதை மக்கவைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்துவிடும். ஆழமான ஏரிகளில் வெயில் காலத்தில் மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர் என்று இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். கீழடுக்குக்குக் காற்றோடு தொடர்பு இருக்காது. மேலிருந்து விழும் பிணங்கள் மட்டும் போய்ச் சேரும். அப்புறம் ஒரு நாள் பலத்த காற்றடித்து இரண்டும் கலந்தால், ஆக்சிஜனற்ற நீர் மேலே வந்து ஒரே இரவில் மொத்த மீனையும் கொன்றுவிடும்.

இன்னொரு சிக்கல் அதிகம் பேசப்படுவதில்லை. பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச உறிஞ்ச, பிற்பகலில் நீரின் காரத்தன்மை ஏறி பிஎச் 9-ஐத் தாண்டிவிடும். கழிவுநீரோடு வந்த அம்மோனியம் அந்த நிலையில் மீனுக்கு நஞ்சான அம்மோனியாவாக மாறுகிறது. பகலில் மீன் செத்தால் இதையும் சந்தேகியுங்கள்.

பச்சைத் தண்ணீர் விஷமா? கொதிக்கவைத்தால் சரியாகிவிடுமா?

எல்லாப் பச்சையும் விஷம் இல்லை. நீலப்பச்சைப் பாசிகளில் சில வகைகள்தான் நஞ்சு சுரக்கும். உண்மையில் அவை பாக்டீரியாக்கள். அவற்றின் நஞ்சுகளில் பரவலாகக் காணப்படுவது கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின். குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் தந்துள்ள வழிகாட்டு அளவு.

கொதிக்கவைப்பது உதவாது. நஞ்சு வெப்பத்தைத் தாங்கும். செல்கள் வெடித்து உள்ளே இருந்த நஞ்சும் நீரில் கலந்துவிடும். நீர் ஆவியாகக் குறைய, அடர்த்தி கூடத்தான் செய்யும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஈரி ஏரியிலிருந்து வந்த குழாய்நீரில் இந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டு, 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சுமார் மூன்று நாள் அந்த நீரைக் குடிக்கவோ கொதிக்கவைக்கவோ கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. 2007-இல் சீனாவின் தாய்ஹு ஏரி பாசியால் நிறைந்தபோது வூஷி நகரத்தின் குடிநீரே நின்றுபோனது. 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில் நடந்தது இன்னும் கொடுமை. இந்த நஞ்சு கலந்த நீர் டயாலிசிஸ் சிகிச்சையில் பயன்பட்டு 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள்.

நாயோ மாடோ பச்சைப் படலம் படிந்த நீரைக் குடிக்க விடாதீர்கள். காற்று ஒதுக்கும் கரையோரத்தில்தான் படலம் தடிமனாகச் சேரும், விலங்குகள் குடிக்க வருவதும் அங்கேதான்.

எது நீலப்பச்சைப் பாசி என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாமா?

உறுதியாகச் சொல்ல நுண்ணோக்கி வேண்டும். சந்தேகப்பட ஒரு குச்சி போதும். படலத்துக்குள் விட்டு எடுங்கள். நூல்நூலாக, முடிபோலத் தொங்கினால் சாதாரண இழைப்பாசி. பெயின்ட் பூசினாற்போல ஒட்டினால் நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். கையுறை போட்டு ஒரு கண்ணாடிப் புட்டியில் நீர் எடுத்து ஓர் இரவு அசையாமல் வைத்தும் பார்க்கலாம். பச்சை மேலே சேர்ந்து நின்றால் சந்தேகம் வலுக்கும், ஏனென்றால் இவற்றுக்கு மிதப்பதற்கென்று உடலுக்குள் காற்றுப்பைகள் உண்டு. நஞ்சு இருக்கிறதா இல்லையா என்பதை இந்தச் சோதனைகள் சொல்லாது.

நுரை பொங்குகிறதே, அதுவும் இதனாலா?

நேரடியாக இல்லை. நிலைத்து நிற்கும் வெள்ளை நுரைக்குப் பெரும்பாலும் சலவைப் பொருட்களிலுள்ள நுரைப்பான்கள் காரணம். ஆனால் இரண்டும் வந்த வழி ஒன்றுதான்: கழிவுநீர்.

ஆகாயத்தாமரை தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்கிறார்களே?

பாதி உண்மை. அது சத்தை வேகமாக உறிஞ்சும். செடியை நீரைவிட்டு வெளியே எடுத்துப் போட்டால்தான் அது சுத்தம். அங்கேயே விட்டால் அது செத்து மக்கி, எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். அதற்கிடையில் நீரின் மேல் கம்பளம் விரித்து வெளிச்சத்தையும் காற்றையும் மறைத்துவிடும். செடியின் எடையில் 90 சதவீதத்துக்கும் மேல் வெறும் தண்ணீர். லாரி லாரியாக அள்ளினாலும் உள்ளே இருந்து வெளியேறிய பாஸ்பரஸ் கொஞ்சம்தான். பூர்வீகம் தென் அமெரிக்கா. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1990-களில் படகுப் போக்குவரத்தையே முடக்கியது. அதைத் தின்னும் கூன்வண்டுகளை விட்ட பிறகு வெகுவாகக் குறைந்தது. ஆனால் சத்து வரத்து நிற்காத இடங்களில் அது திரும்பத் திரும்ப வரும்.

சுத்திகரித்த நீரைத்தானே விடுகிறார்கள்? பிறகும் ஏன் பாசி?

சுத்திகரிப்பு என்ற சொல்லுக்குள் பல படிகள் இருக்கின்றன. முதல் படி கசடை நீக்கும். இரண்டாம் படி மக்கும் பொருளை நீக்கும். நீர் தெளிந்துவிடும், நாற்றம் போய்விடும். ஆனால் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கணிசமாக அதிலேயே தங்கிவிடும். அவற்றை எடுக்க மூன்றாம் படி வேண்டும். பணம் போதாமல் பல இடங்களில் நிறுத்திக்கொள்வது அதற்கு முன்புதான்.

எண்ணிக்கையில் பாருங்கள். ஏரிநீரில் லிட்டருக்கு 35 மைக்ரோகிராம் அளவைத் தாண்டி பாஸ்பரஸ் இருந்தாலே அதை மிகையூட்ட ஏரி என்று வகைப்படுத்துவது வழக்கம். சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம், அதாவது அந்த எல்லையைப் போல நூறு மடங்குக்கும் மேல். இரண்டாம் படியில் இதில் பாதி போனாலும் மிச்சமே போதும், ஏரியைப் பச்சையாக்க. 'சுத்திகரித்த நீர்' என்று யாராவது சொன்னால், பாஸ்பரஸ் எவ்வளவு என்று கேளுங்கள்.

கடலிலும் இது நடக்குமா?

நடக்கிறது. 2008-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு உலகக் கடலோரங்களில் 400-க்கும் மேற்பட்ட ஆக்சிஜனற்ற மண்டலங்களைப் பட்டியலிட்டது. மொத்தப் பரப்பு ஏறக்குறைய 2,45,000 சதுர கிலோமீட்டர். மிசிசிப்பி ஆறு கொண்டுவரும் உரத்தால் மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் இப்படி ஒரு மண்டலம் உருவாகிறது. 2017-இல் அது சுமார் 22,700 சதுர கிலோமீட்டர், அங்கே அளந்ததிலேயே மிகப் பெரியது. நீந்தத் தெரிந்த மீன் தப்பித்துப் போகும். சிப்பியும் புழுவும் எங்கே போகும்?

கழிவு வருவதை நிறுத்திவிட்டோம். ஏரி ஏன் இன்னும் தெளியவில்லை?

இதுதான் எல்லாரையும் சோர்வடைய வைக்கும் கட்டம். பல வருடம் வந்த பாஸ்பரஸ் அடிச்சேற்றில் போய்ச் சேர்ந்திருக்கும். அந்தச் சேறு ஏரியின் சேமிப்புக் கணக்கு. வரவு நின்றாலும் வட்டி வந்துகொண்டே இருக்கும். ஆக்சிஜன் இருக்கும்வரை சேற்றிலுள்ள இரும்பு பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பின் வேதிநிலை மாறி, பிடி தளர்ந்து, பாஸ்பரஸ் திரும்ப நீருக்குள் வருகிறது. அதனால் பாசி, பாசியால் ஆக்சிஜன் இழப்பு, அதனால் இன்னும் பாஸ்பரஸ் என்று வட்டமாகச் சுற்றும். பத்து, இருபது வருடம்கூட இது நீளலாம்.

ஆழம் குறைந்த ஏரிகளில் இன்னொரு பூட்டும் உண்டு. அங்கே தெளிவு, கலங்கல் இரண்டுமே தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் நிலைகள். தெளிந்த ஏரியில் செடிகள் சேற்றை அமுக்கிப் பிடித்து, பாசியைத் தின்னும் டாஃப்னியா போன்ற நீர்ப்பூச்சிகளுக்கு ஒளிவிடம் தரும். கலங்கிய ஏரியில் காற்று சேற்றைக் கிளறும், கெண்டை மீன்கள் அடியைத் தோண்டும், சிறு மீன்கள் டாஃப்னியாவைத் தின்றுவிடும். செடி முளைக்க வெளிச்சமே கிடைக்காது. ஆகவே ஏரி கெடத் தொடங்கியபோது இருந்த அளவுக்குச் சத்தைக் குறைத்தால் போதாது, அதைவிட வெகுவாகக் கீழே கொண்டுவந்தால்தான் ஏரி மறுபடி தெளிவு நிலைக்குப் புரளும்.

தூர்வாரினால் போதாதா?

சேற்றோடு பாஸ்பரஸும் போகும் என்பதால் உதவும். ஆனால் வாய்க்காலில் கழிவு வந்துகொண்டிருக்கும்போது தூர்வாருவது காசைக் கரைப்பதுதான். சேற்றைக் கரையிலேயே குவித்தால் முதல் மழையில் திரும்பி வரும்.

நுண்ணுயிர்க் கரைசல், மருந்து, நீரூற்று எல்லாம்?

விற்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'பாஸ்பரஸ் எங்கே போகும்?' நைட்ரஜனைச் சில பாக்டீரியாக்கள் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பிவிடும், அது உண்மை. பாஸ்பரஸுக்கு அந்தக் கதவு கிடையாது. ஒன்று வெளியே எடுக்க வேண்டும், அல்லது கரையாதபடி கட்டிப்போட வேண்டும். படிகாரமும் லாந்தனம் என்ற உலோகம் கலந்த களிமண்ணும் இரண்டாவதைச் செய்யும். வரத்து நின்ற ஏரிகளில் நல்ல பலன் கிடைத்திருக்கிறது. மயில்துத்தம் (தாமிர சல்பேட்) பாசியைக் கொல்லும். ஆனால் செத்த செல்லிலிருந்து நஞ்சு ஒரே நேரத்தில் வெளியாகும், தாமிரமும் சேற்றில் தங்கிவிடும். நீரூற்றும் காற்றூட்டியும் மீனைக் காப்பாற்றலாம். பாசியைப் பட்டினி போடாது.

வெப்பம் கூடுவதால் இது மோசமாகுமா?

ஆகும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும், அடுக்குப் பிரிவு நீண்ட நாள் நிற்கும். நீலப்பச்சைப் பாசிகளுக்கோ 25 டிகிரிக்கு மேல் கொண்டாட்டம். கனமழை ஒரேயடியாகக் கொட்டும்போது வயல்மண்ணும் மொத்தமாக வந்து சேரும்.

முழுதாக மீண்ட ஏரி ஏதாவது உண்டா?

உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் அருகே வாஷிங்டன் ஏரி. சுற்றுவட்டார ஊர்கள் சுத்திகரித்த கழிவுநீரை அதில் விட்டுக்கொண்டிருந்தன. 1955-இல் அங்கே ஆசிலட்டோரியா ருபெசன்ஸ் என்ற பாசி தென்பட்டது. ஐரோப்பிய ஏரிகள் கெடும்போது தலைகாட்டிய அதே பாசி. எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அதை வைத்தே அடுத்து வரப்போவதை முன்கூட்டிச் சொன்னார். மக்கள் 1958-இல் வாக்களித்து, செலவை ஏற்றுக்கொண்டார்கள். 1963 முதல் 1968 வரை கழிவுநீர் முழுவதும் திருப்பிவிடப்பட்டது, அலையோட்டம் வலுவான கடற்கழிக்கு. ஒரு மீட்டர் ஆழம்கூடத் தெரியாமல் இருந்த நீர் சில வருடங்களில் தெளிந்தது. 1976-இல் டாஃப்னியா பெருகியதும் இன்னும் தெளிந்தது. ஏரி ஆழமானது, கெட்டிருந்த காலம் குறுகியது. அந்த வேகத்துக்கு இவை இரண்டும் காரணம், எல்லா ஏரிக்கும் அது வாய்க்காது.

ஈரி ஏரி வேறு கதை. 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டு, சலவைத்தூள் பாஸ்பேட்டையும் நகரக் கழிவையும் கட்டுப்படுத்தின. ஏரி தேறியது. 1990-களின் நடுவிலிருந்து பாசி திரும்பியது. இம்முறை குழாயிலிருந்து அல்ல, வயல்களிலிருந்து. குழாயை அடைக்கச் சட்டம் போதும், ஆயிரக்கணக்கான வயல்களை என்ன செய்வது? கருங்கடலின் வடமேற்குப் பகுதி மீண்டதோ யாரும் திட்டமிடாமல்! 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்து, உரம் வாங்கப் பணமில்லாமல் போனது. சில வருடங்களில் ஆக்சிஜனற்ற மண்டலம் சுருங்கியது.

எங்கள் ஏரி எந்த நிலையில் இருக்கிறது என்று நாமே எப்படிப் பார்ப்பது?

செக்கி தட்டு என்று ஒரு கருவி. இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்சலோ செக்கி 1865-இல் பயன்படுத்தியது வெள்ளைத் தட்டு. ஏரிகளில் இன்று பயன்படும் வடிவம் இதுதான்: 20 சென்டிமீட்டர் அகல வட்டத்தகடு, கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்பங்குகள், நடுவில் அளவு குறித்த கயிறு. அடியில் எடை கட்டி நிழல்பக்கமாக மெதுவாக இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டருக்குக் குறைவு என்றால் மிகையூட்டத்தைச் சந்தேகிக்கலாம், சேற்றுக் கலங்கல் இல்லாத பட்சத்தில். ஒரே ஒரு நாள் அளவு எதையும் சொல்லாது. மாதம் இருமுறை, ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கூடவே கரைந்த ஆக்சிஜனைச் சூரியன் எழும் முன் ஒரு முறையும், பிற்பகலில் ஒரு முறையும் பார்க்க முடிந்தால் நல்லது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரியதோ அவ்வளவு பாசி வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.